பத்து மணி வண்டிகள்

ஒன்பதே முக்கால் ஆகிவிட்டால் போதும், அந்த நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் ஏதாவது கோளாறு வந்துவிடும். ஒருத்தன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பான். ஒருத்தன் இறங்கி டயரை உதைத்துப் பார்ப்பான். இன்னொருத்தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாருமே இல்லாமல், தலையைத் தலையை ஆட்டுவான். டோல்கேட்டுக்கு ரொம்ப முன்னாலிருந்தே சாலையோரம் முழுக்க வண்டிகள் நிற்கும். கோளாறும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. காலை ஏழிலிருந்து பத்து வரை டோல் தொண்ணூறு. பத்து அடித்தால் முப்பது. கால் மணி நேரம் நின்றால் அறுபது மிச்சம் என்றால் மனுஷன் நிற்காமல் என்ன செய்வான்?

மூன்றாம் நம்பர் பூத்தில் உட்கார்ந்திருந்தவள் கண்ணாடி வழியாக அந்த வரிசையைப் பார்த்தாள். அங்கே அவளுக்குப் பேர் கிடையாது. சூப்பர்வைசர் முதல் பெருக்குகிறவள் வரை எல்லாருக்கும் அவள் 'மூணு'. ஜன்னலுக்கு வெளியே நீட்டி நீட்டி வலது கை மட்டும் வெயிலில் கருத்துப்போயிருந்தது. இடது கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் யாருடைய கையோ என்று இருக்கும். பூத்துக்குள் ஒரு சின்ன மின்விசிறி உண்டு. அது காற்றைத் தருகிறதா, டீசல் புகையைச் சுற்றிச் சுற்றி அவள் முகத்துக்கே அனுப்புகிறதா என்பது எட்டு மாதமாகியும் அவளுக்குப் பிடிபடவில்லை.

நின்ற வண்டிகளுக்கு நடுவே ஒரு சிவப்புத் தொப்பி நகர்ந்துகொண்டிருந்தது. இரண்டு தோளிலும் இரண்டு பெரிய பிளாஸ்க், கையில் கூடை, இடது காலை லேசாக இழுத்துப் போடும் நடை. டீ, தண்ணீர் பாட்டில், உப்பு மிளகு பொட்டலத்தோடு அவித்த முட்டை. டிரைவர்கள் அவனை 'பிளாஸ்க்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறவன். ஆனால் அவள் ஷிப்ட் தொடங்கும் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அவனை அவளுக்குத் தெரியாது.

வேலையில் சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். டோல்கேட்டில் வேலை பார்க்கிறவர்களின் சொந்தக்காரர்கள் யாரும் அந்த எல்லைக்குள் எதுவும் விற்கக்கூடாது. விற்றால் வேலை போய்விடும். அவள் தாளைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவனிடம் சொன்னாள். அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"அவ்ளோதானே? நான் உன்னப் பாக்கல, நீ என்னப் பாக்கல. கல்யாணத்துக்கு முன்னாடி அப்படித்தானே இருந்தோம்?"

அப்படியே இருந்தார்கள். சூப்பர்வைசர் தினமும் அவனிடம் ஒரு முட்டை வாங்கித் தின்பார். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே அவள் பூத்துக்கு வந்து கேட்பார்.

"யாரும்மா அந்த பிளாஸ்க்குக்காரன்? நம்ம ஆளுங்க யாருக்காவது வேண்டியவனா?"

"யாரோ சார்."

"முட்டை நல்லா அவிச்சிருக்கான்யா."

அவித்தது அவள். விடிவதற்கு முன்னால் எழுந்து, தினம் நாற்பது முட்டை. அதைச் சொல்ல முடியாமல் அவள் அடுத்த வண்டிக்குக் கையை நீட்டுவாள். 'யாரோ' என்று முதல்முறை சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்போதெல்லாம் தடையில்லாமல் வந்தது. அப்படி வந்ததுதான் அவளுக்கு என்னவோ செய்தது.

இந்த டோல் வருவதற்கு முன்னால் அங்கே வேறு கதை. கொஞ்ச தூரத்தில் ஒரு பாலம் இருக்கிறது. நான்கு தடமாக வருகிற சாலை அங்கே இரண்டாகச் சுருங்கும். தினம் காலையில் ஒன்றரை மணி நேரம் எவனாலும் நகர முடியாது. வண்டிக்குள்ளேயே சவரம் பண்ணிக்கொள்கிறவன், பிள்ளைக்குத் தலை பின்னிவிடுகிறவள், ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துத் தூங்குகிறவன் என்று அது ஒரு ஊர் மாதிரி இருக்கும். அந்த ஊருக்கு அவள் கணவன்தான் கடைக்காரன். பதினாலு வருஷம். மகளை ஹாஸ்டலில் சேர்த்து நர்ஸிங் படிக்க வைத்தது அந்த நெரிசல்தான். நெரிசலைத் திட்டாத ஒரே ஆள் அந்தச் சாலையில் அவனாகத்தான் இருந்திருப்பான்.

நெரிசலைக் குறைக்க டோல் போட்டார்கள். ஒரே வாரத்தில் சாலை துடைத்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. காசு கொடுக்க முடிந்தவன் பறந்தான். முடியாதவன் ஐந்து மணிக்கே எழுந்து போனான், இல்லாவிட்டால் இரண்டு பஸ் மாறினான். பிளாஸ்க் நிரம்பியபடியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. அந்த நாட்களில் மூன்று வேளையும் முட்டைதான். அவர்கள் வீட்டில் வியாபாரம் எப்படி என்று யாரும் யாரையும் கேட்கத் தேவையில்லை. ராத்திரிக் குழம்பில் எத்தனை முட்டை மிதக்கிறது என்று பார்த்தால் போதும். அப்போதுதான் சாலையோரக் குடியிருப்பில் இருக்கிறவர்களுக்கு வேலை தருவதாகச் சொன்னார்கள். அவள் பன்னிரண்டாவது பாஸ். அவன் எட்டோடு நின்றவன். அவள் போனாள்.

பிறகு மெதுவாக, பத்து மணிக்கு விலை குறைவதைக் கணக்குப் பண்ணி வண்டிகள் ஓரம் கட்ட ஆரம்பித்தன. முதல் நாள் நான்கு, அடுத்த வாரம் நாற்பது, அப்புறம் எண்ண முடியாது. அவன் முகத்தில் மறுபடி உயிர் வந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"நல்லவேளைடி, உங்க ஆபீஸ்ல இருக்கவனுங்களுக்கு மூளை கம்மி."

"ஏன், என்ன ஆச்சு?"

"பத்து மணிக்குப் பொத்துனு அறுபது குறைச்சா எவன்தான் நிக்கமாட்டான்? இதையே ஒன்பதுலேர்ந்து பத்து நிமிஷத்துக்குப் பத்துப் பத்தா கொறைச்சுக்கிட்டு வந்தான்னு வெய்யி. பத்துக்காக எவனாவது பத்து நிமிஷம் வெயில்ல நிப்பானா? போய்ட்டே இருப்பான். அப்புறம் நான் உன் பூத்துக்கு முன்னாடி துண்டு விரிச்சு ஒக்கார வேண்டியதுதான்."

"நீங்க போய்ச் சொல்லிக் குடுங்க."

"நானா? எனக்கென்ன கிறுக்கா?"

இருவரும் சிரித்தார்கள். அன்று குழம்பில் முட்டையே இல்லை. நாற்பதும் விற்றிருந்தது.

அவனுக்குப் பத்து மணிக்கு முந்தின கால் மணி நேரம் எவ்வளவு நல்லதோ, அவளுக்குப் பத்துக்குப் பிந்தின அரை மணி நேரம் அவ்வளவு கேடு. போர்டில் முப்பது என்று விழுந்ததும் நின்ற வண்டி அத்தனையும் ஒரே பாய்ச்சலாக வரும். ஆறு பூத்துக்கு அறுநூறு வண்டி. ஹாரன் சத்தத்தில் காது அடைத்துவிடும். சில்லறை இல்லை என்றால் திட்டு, சில்லறை கொடுக்க நேரமானால் திட்டு. "ரோடு என்ன உங்கப்பன் வீட்டு சொத்தா?" என்று தினம் பத்துப் பேராவது கேட்பார்கள். அவள் அப்பா சொத்தென்று வைத்துப்போனது ஒரு தையல் மெஷின்தான். அவள் சில்லறையை எண்ணிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அந்தப் பாய்ச்சலில் ஒரு வேன், பக்கத்தில் வந்த பைக்கைத் தடுப்புச் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. அவளுடைய பூத்துக்கு இரண்டு அடி தள்ளி. பைக்குக்காரன் செத்துவிடவில்லை. ஆனால் கால் திரும்பி இருந்த விதத்தை அவள் பார்த்துவிட்டாள். அவனைத் தூக்கி ஓரமாகக் கிடத்திய பிறகும் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வாரம் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு பெண் வந்தாள். மகளைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். எல்லாரும் அவளை மேடம் என்றார்கள். நின்ற வண்டிகளை எல்லாம் போட்டோ எடுத்தாள். பிறகு பூத்துக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். உட்கார வைத்ததே இவளுக்கு ஆச்சரியம்.

"தினமும் நீங்கதான் பாக்கறீங்க. இவங்க நிக்காம இருக்க என்ன செய்யலாம்? நீங்க என்ன நினைக்கிறீங்க?"

ஒருத்தன் போலீஸைப் போடலாம் என்றான். ஒருத்தி அபராதம் போடலாம் என்றாள். மேடம் கடைசியில் இவள் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா."

வாய் தானாகத் திறந்துகொண்டது. பத்து நிமிஷத்துக்குப் பத்து என்று கணக்கும் சேர்த்துச் சொன்னாள். பத்துக்காக எவனும் வெயிலில் நிற்கமாட்டான் என்றாள். மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். "அக்கா, இதைத்தான் நாங்க மூணு மாசமா கம்ப்யூட்டர்ல தேடிட்டு இருக்கோம்," என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மறந்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மேடம் வந்து, எல்லார் முன்னாலும் அவள் கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து புது விலை.

கடிகாரத்தைக் கண்டதும் அவனுக்குக் குஷி.

"எதுக்குடி இது?"

"எல்லாருக்கும் குடுத்தாங்க."

"பரவாயில்லையே, உங்க ஆபீஸ்லயும் மனுஷங்க இருக்காங்க." பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி வந்து, ஸ்டூல் மேல் ஏறி, ஆணியை வாயில் கவ்விக்கொண்டு, அவனே அதை மாட்டினான். இரண்டடி பின்னால் வந்து நேராக இருக்கிறதா என்று பார்த்தான். அது சுவரிலிருந்து டிக் டிக் என்று அவளையே கேட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமை முழுக்க அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பழைய செய்தித்தாளைக் கிழித்து உப்பு மிளகு பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான். வாரமெல்லாம் நடந்து நடந்து இடது கணுக்கால் வீங்கியிருந்தது. அவள் பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்தாள். கவிழ்த்ததை எடுத்து மறுபடி கழுவினாள்.

"ஏங்க, நாளைக்கு முட்டை கொஞ்சமா அவிக்கட்டுமா?"

"ஏன், நாளைக்கு ரோட்டுக்கு லீவா?"

"அந்தக் கடிகாரம் எல்லாருக்கும் குடுத்தது இல்லீங்க."

"பின்ன?"

"எனக்கு மட்டும் குடுத்தது."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். பைக்குக்காரன் கால், மேடம், கை தட்டினது, நாளையிலிருந்து புது விலை, எல்லாம். அவன் பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மடித்துக்கொண்டே இருந்தான். கத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் சொன்னத அப்படியே சொன்னியா? இல்ல, உன் பங்குக்கு எதாவது சேத்தியா?"

"அப்படியேதான் சொன்னேன்."

"பத்து நிமிஷத்துக்குப் பத்துன்னு?"

"ஆமா."

"அந்தக் கணக்கு நான் போட்டது."

"ஆமா."

"என் பேரச் சொன்னியா?"

"எப்படிங்க சொல்றது? யாரோன்னுதானே சொல்லி வெச்சிருக்கேன்."

அவன் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தான். "கெட்டிக்காரிடி நீ. என் வாயால சொன்னத வெச்சே என் வாயில மண்ணப் போட்டுட்ட."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்த ஆளு காலை நீங்க பாக்கல. நான் பாத்தேன். தினமும் அந்த அரை மணி நேரம் எவன் வண்டில எவன் நசுங்குவானோன்னு உயிரக் கையில புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். சரி, அதையும் விடுங்க. பதினாலு வருஷமா விடியறதுக்கு முன்னாடி எழுந்து அவிக்கிறேனே, ஒரு நாள், ஒரே ஒரு நாள், 'நீ என்ன நெனைக்கிற'ன்னு கேட்டிருப்பீங்களா? யாராவது கேட்டிருக்காங்களா? அந்தப் பொண்ணு கேட்டுச்சு. ஒக்கார வெச்சுக் கேட்டுச்சு. வாய் தொறந்துடுச்சு. என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

வெளியே எவனோ பைக்கை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணப் பார்த்தான். அது பிடிக்கவே இல்லை.

"நாற்பதும் அவி," என்றான் கடைசியில்.

"வேணாங்க. வீணாப் போகும்."

"உன் மேடம் கணக்குத் தப்பாப் போச்சுன்னா?"

"உங்க கணக்குதானே அது."

அவன் கணுக்காலை நீவிவிட்டுக்கொண்டான். "என் கணக்கு தப்பாது. அதாண்டி கஷ்டமே," என்றான். பிறகு, மடித்த பொட்டலங்களை எண்ணிக் கூடைக்குள் அடுக்கினான். நாற்பது இருந்தது.

திங்கட்கிழமை காலை வெயில் ஏழு மணிக்கே ஏறிவிட்டது. ஒன்பது வரை தொண்ணூறு. ஒன்பது பத்துக்கு எண்பது. போர்டில் எண் மாறும்போது அவள் எட்டிப் பார்த்தாள். வண்டிகள் சீராக வந்தன, கொடுத்தன, போயின. எழுபது. அறுபது. எவனுக்கும் எந்தக் கோளாறும் வரவில்லை. எவனும் பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு லாரிக்காரன் மட்டும் பழக்கதோஷத்தில் ஓரம் கட்டினான். போர்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி கிளப்பினான். சும்மா சொல்லக்கூடாது, அவள் அந்த பூத்தில் உட்கார்ந்த எட்டு மாதத்தில் அவ்வளவு நிம்மதியான காலை வந்ததே இல்லை. ஒருத்தன் 'தேங்க்ஸ் சிஸ்டர்' என்றுகூடச் சொல்லிவிட்டுப் போனான்.

தூரத்தில், வெறுமையான சாலையோரத்தில், சிவப்புத் தொப்பி ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது. இத்தனை மாதத்தில் அது நகராமல் நின்று அவள் பார்த்ததில்லை. ஓடுகிற வண்டியிடம் எவனாலும் டீ விற்க முடியாது. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. இரண்டு பிளாஸ்க்கும் தோளை அழுத்த, கூடையைக் காலடியில் வைத்துவிட்டு, போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கணக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்கிறவன் மாதிரி இருந்தது. அவளால் பார்க்க முடியவில்லை; பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

போர்டில் ஐம்பது விழுந்தது. தொப்பி நகர ஆரம்பித்தது. வீட்டுப் பக்கம் போகவில்லை. டோல்கேட்டைப் பார்த்து வந்தது. இடது காலை இழுத்து இழுத்து, வண்டி வருகிற தடத்திலேயே, இரண்டு கார்களுக்கு நடுவே வரிசையில் ஒரு வண்டி மாதிரி நடந்து வந்தான். மூன்றாம் நம்பர் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றான். பின்னாலிருந்த கார் ஹாரன் அடித்தது.

அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். "என்னங்க?" என்றாள் உதட்டுக்குள்.

"இன்னும் போணி ஆகல," என்றான். "ஒரு முட்டை வாங்கிக்கிறீங்களாம்மா?"

முதல் போணி ஆகாமல் அவன் ஒருநாளும் வீட்டுக்குத் திரும்பியதில்லை. டோல் வந்த அந்தப் பாழாய்ப்போன வாரத்தில்கூட, ரோடு போடுகிறவர்களிடம் கெஞ்சி ஒரு தண்ணீர் பாட்டிலாவது விற்றுவிட்டுத்தான் வந்தான். அது அவளுக்குத் தெரியும். அந்த 'ம்மா'தான் அவளைக் கொன்றது.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "ஏய், ஏய், லேன்ல நடந்து வர்றான்! யாரும்மா இது? உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

'யாரோ சார்' நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எட்டு மாதப் பழக்கம், வராமல் என்ன செய்யும்? அவள் அதை விழுங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் சார்."

"யாரு, பிளாஸ்க்கா?"

"ஆமா சார். மேடம்கிட்ட நான் சொன்னேன் பாருங்க, அந்த யோசனை, அதுவும் இவரோடதுதான். நான் போட்ட கணக்கு இல்ல. இவர் சொன்னத ஒப்பிச்சேன், அவ்வளவுதான்."

அவன் பதறிப் போனான். "ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி பெசகிடுச்சா? ஒரு வேலையாவது நிக்கட்டும்னு..." சட்டென்று வாயை மூடிக்கொண்டு சூப்பர்வைசரைப் பார்த்தான். குரலை மாற்றினான். "சார், இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாது சார். போணி ஆகலன்னு கேக்க வந்தேன். வெயில்ல என்னமோ ஒளறுது."

சூப்பர்வைசர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். கூடையில் அடுக்கியபடியே இருந்த முட்டைகளைப் பார்த்தார். பிறகு அவருடைய பார்வை சாலையோரத்துக்குப் போயிற்று. அங்கே ஒரு வண்டி இல்லை. போன வாரம் வரை நின்றவர்கள் போட்டுவிட்டுப் போன டீக் கப்புகள் மட்டும் காற்றில் உருண்டுகொண்டிருந்தன.

"சரி சரி, விடும்மா," என்றார். "தாள்ல கையெழுத்துப் போட்டதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனா இனிமே இவரு இங்க வந்து என்னத்த விக்கப் போறாரு?"

இரக்கத்தோடுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பின்னால் நின்ற காரை அடுத்த தடத்துக்குத் திருப்பி அனுப்பப் போனார்.

அவள் தன் பையைத் திறந்து ஒரு முட்டைக்கு உண்டானதைவிடப் பெரிய நோட்டாக எடுத்து நீட்டினாள். கருத்துப்போன அந்தக் கையாலேயே. அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சட்டைப் பையில் தேடி மீதிச் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணி ஜன்னல் பலகையில் வைத்தான். வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டியும் எடுக்கவில்லை. ஒரு முட்டையை எடுத்து, அங்கேயே நின்று பொறுமையாக உரித்து, பொட்டலத்தைப் பிரித்து உப்பைத் தூவி, தாளோடு அவளிடம் கொடுத்தான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் அந்த முட்டையில் ஒன்றைக்கூட பூத்தில் உட்கார்ந்து தின்றதில்லை.

"சாப்பிடு. காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட," என்றான். "சாயங்காலம் சோறு மட்டும் வெச்சிரு. குழம்புக்குத்தான் முப்பத்தொன்பது முட்டை இருக்கே."

கூடையை எடுத்துக்கொண்டு, வண்டிகள் வருகிற திசையைப் பார்த்து, ஓரமாக நடந்தான். அவள் ஒரு கையில் முட்டையும் மறு கையில் ரசீதுமாக உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேலே போர்டில் ஐம்பது நாற்பதாக மாறியது. ஒரு வண்டிகூட நிற்கவில்லை.